மசாலா அண்ணனின் காய்க்காத மரம்

ஜொகூர் மாநிலத்தில் ஓடிய தொழிற்சாலை பஸ்களிலேயே, ஏறிய உடனே பசியைக் கிளப்பிய ஒரே பஸ் மசாலா அண்ணனுடையதுதான். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். மற்ற பஸ்களில் டீசலும் வியர்வையும் யாரோ மறந்துவிட்டுப் போன நேற்றைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கலந்து ஒரு வாடை வரும். அண்ணன் பஸ்ஸில் படி ஏறினால், கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், அது ஒரு கொடுமை.

செனாயில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். பதினான்கு வருஷம் அவர் பஸ்ஸில்தான் போய் வந்தேன். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஓட்டுநர் உரிமத்தில் ஏதோ ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மசாலா அண்ணன், அவர் மனைவி மசாலா அண்ணி. அந்த அம்மாவுக்கு இந்தப் பெயர் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மரம். குளுவாங்கில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஒரு சீனக் கிழவர், அபெக், "இது ஒரே மரம், ஆனா எல்லா மசாலாவும் இதுல இருக்கு" என்று சொல்லி ஒரு கன்றை அண்ணன் தலையில் கட்டிவிட்டார். ஆல்ஸ்பைஸ் மரம். தமிழ்நாட்டில் சர்வசுகந்தி என்கிறார்களாம். காய் காய்ந்தால் பார்க்க மிளகு மாதிரியே இருக்கும்; முதலில் பார்த்த வெள்ளைக்காரனும் மிளகு என்றே நினைத்து ஏமாந்தான் என்பார் அண்ணன். அவரும் கூடவே கப்பலில் போய் வந்தவர்போல் அவ்வளவு தீர்மானமாகச் சொல்வார்.

வீட்டுக்குப் பின்னால் அதை நட்டு வளர்த்து, பஸ் கண்ணாடிக்கு மேலே மற்றவர்கள் சாமி படம் மாட்டுகிற இடத்தில் ஒரு கொத்து இலையை மாட்டினார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தினமும் ஓர் இலை. கூடவே பரீட்சை.

"தங்கச்சி, கசக்கி மோந்து பாரு. என்ன வாசன?"

"கிராம்பு."

"அப்புறம்?"

"பட்டை மாதிரியும் இருக்கு."

"அப்புறம்?"

"அண்ணே, வழிய விடுங்க, பின்னால பத்துப் பேரு நிக்கிறாங்க!"

"சாதிக்காய விட்டுட்ட லா!"

பதினான்கு வருஷத்தில் சாதிக்காயை நான் எத்தனை தடவை விட்டேன் என்று கணக்கே இல்லை. என் லைனில் வேலை செய்த காக் ரோஸ்னா ஒருநாள் தெரியாத்தனமாக, "மின்யாக் அங்கின் வாசம் அடிக்குது" என்று சொல்லிவிட்டாள். தைல வாசனையாம். அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் வீட்டு முச்சந்தியில் பஸ்ஸைப் பத்தடி தள்ளித்தான் நிறுத்தினார்.

அண்ணன் வைத்தியரும்கூட. வயிற்றில் காற்றா? இலையைக் கொதிக்க வைத்துக் குடி. பல்வலியா? இலையை மெல்லு. எனக்குக் கடைவாய்ப் பல் வலித்த அன்று, சிங்கப்பூரிலிருந்து வாடிக்கையாளர்கள் எங்கள் லைனைச் சோதிக்க வருவதாக இருந்தது. அண்ணன் ஒரு கொத்தைக் கொடுத்து, "ஒரு எலைதான் தங்கச்சி, பல்லு பக்கத்துல வெச்சு மெதுவா மெல்லு" என்றார். வலிக்கிறவளுக்கு ஓர் இலை எப்படிப் போதும்? நான்கை ஒன்றாகப் போட்டு மென்றேன். தொழிற்சாலை வாசலுக்குப் போவதற்குள் பல்வலி போய்விட்டது. நாக்கும் போய்விட்டது. உதடு எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்றாகத் தொங்கியது. வந்தவர்கள் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினேன், விரலால் காட்டினேன், புன்னகைக்கப் பார்த்துப் பாதியில் கைவிட்டேன். போகும்போது அவர்கள் எங்கள் மேனேஜரிடம், "உங்கள் சூப்பர்வைசர் வீண் பேச்சே பேசாதவர்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இன்றும் இதை நம்புவதில்லை.

வியாபாரமும் செய்து பார்த்தார். இலையைக் காயவைத்து, துணிப்பை தைத்து, கேன்டீனில் டீ போட்டார். குடித்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏப்பம் விட்டதில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள். பிறகு, கரீபியன் தீவுகளில் இந்த மரக்கட்டையை எரித்து அந்தப் புகையில் கோழி வாட்டுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, அவர் குடியிருந்த தாமானில் எல்லாரும் கூடித் தெருவைச் சுத்தம் செய்கிற கோத்தோங் ரோயோங் நடந்த அன்று, வெட்டிய கிளைகளை ஓர் எண்ணெய்ப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினார். பச்சைக் கிளைகள். புகை நான்கு தெருவை மூடியது. யாரோ போன் பண்ணி பொம்பா வந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் குழாயோடு ஓடி வந்து, மோந்து பார்த்து, குழாயைக் கீழே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தொடை சாப்பிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கோழி மாதிரி நான் பிறகு சாப்பிட்டதே இல்லை.

ஆனால் அண்ணனுக்கு இலையும் கட்டையும் பெரிதில்லை. காய்தான் குறி. "எலை சும்மா லா. ஒலகத்துல வியாபாரமே காயிலதான். சாசேஜ்ல போடுறான், ஊறுகாயில போடுறான், கெச்சப்புல போடுறான், சென்ட்டுல போடுறான். பழுக்க விடக்கூடாது தங்கச்சி. பச்சையா இருக்கப்பவே பறிச்சு வெயில்ல காய வெச்சிரணும். பழுத்தா வாசன போச்சு." காயவைப்பதற்கென்று ஒரு பெரிய முறம் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார். அதில் ஒரு தூசி படிய விடமாட்டார். மரம் வருஷா வருஷம் பூத்தது. முறம் மட்டும் பன்னிரண்டு வருஷம் காலியாகத் தொங்கியது.

அண்ணியின் பொறுமைக்கும் பன்னிரண்டு வயதாகிவிட்டது. அந்தத் தாமானில் எல்லா வீட்டுக்காரர்களும் பின்பக்கம் இழுத்துக் கட்டிப் பெரிய சமையலறை வைத்துக்கொண்டார்கள். அண்ணி வீட்டில் மட்டும் சமையலறை இருக்கவேண்டிய இடத்தில் மரம் நின்றது. கருவாடு பொரித்தால் ஹாலில் இருக்கிற சோபாவுக்கும் அதில் பங்கு உண்டு. ஒருநாள் அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷமும் பூத்திருச்சு. தீபாவளிக்குள்ள இந்த மரத்தால ஒரே ஒரு காய நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா மறுவாரம் கான்ட்ராக்டர் வருவான். அவ்வளவுதான்."

அடுத்த நாள் அண்ணன் இதை எங்களிடம் சொல்லிக்கொண்டே பஸ்ஸை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். ஐம்பது பேரும் அரை மணி நேரம் தாமதம். யாரும் திட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூத்த கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு குளுவாங்குக்கே போய் அபெக்கிடம் நியாயம் கேட்டார். அபெக் பூவைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாராம். "இது ஆம்பள மரம். ஆம்பள எங்கயாவது புள்ள பெறுமா?"

திங்கட்கிழமை பஸ்ஸில் அண்ணன் இதை வெளியில் சொன்னபோது சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது. "பன்னண்டு வருஷமா ஒரு ஆம்பளைக்கு நான் எருப் போட்டு, காய் குடு, காய் குடுன்னு கெஞ்சியிருக்கேன் தங்கச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று. எங்களில் யார் வீடு வாங்கினாலும், யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், அண்ணன் தன் மரத்தின் கிளையில் மண் கட்டி வேர்விட வைத்து, அந்தப் பதியனைத்தான் பரிசாகக் கொடுப்பார். கூலாயிலிருந்து குளுவாங் வரை அவர் கொடுத்த அத்தனை மரமும் அதே ஆண் மரம். மாநிலம் முழுக்க மாப்பிள்ளைகள், ஒரு பெண்கூடக் கிடையாது.

அபெக் ஒரு வழியும் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் வாங்கிய அதே சமயத்தில் விதையில் முளைத்த இன்னொரு கன்றைப் பொந்தியானில் ஒரு தமிழ் டீச்சர் வாங்கிப் போனாராம். அதுவும் காய்க்கவில்லை என்று வருஷம் ஒருமுறை வந்து அபெக்கைத் திட்டிவிட்டுப் போவாராம். "அது பொம்பளையா இருந்தா உன் அதிர்ஷ்டம்" என்று முகவரி கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு நான் துணைக்குப் போனேன். அண்ணன் காரில் முன்சீட்டைப் பார்த்தால் அண்ணி உட்கார்ந்திருக்கிறார். பட்டுப்புடவை. மடியில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம், மல்லிகைப்பூ. காலடியில், ஈரத்துணி சுற்றி ஐஸ்கிரீம் டப்பாவில் நிறுத்திய பூங்கிளைகள்.

"அண்ணி, காய்ச்சிட்டா உங்க சமையக்கட்டு போச்சே?" என்றேன்.

"அது வேற, இது வேற. பொண்ணு பாக்க ஆம்பள மட்டுமா போவாங்க? வெறுங்கையோட ஒரு வீட்டு வாசல்ல போயி நிக்க முடியுமா?"

டீச்சர் ஓய்வு பெற்ற இலங்கைத் தமிழ்ப் பெண்மணி. தாம்பாளத்தைப் பார்த்ததும் திகைத்துவிட்டார். "வாங்கோ, இருங்கோ. மரத்தைப் பாக்கவோ இவ்வளவு பேரும் வந்தனீங்கள்?" விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். இரண்டு பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அண்ணன் மரத்துப் பூவில் மகரந்த இழைகள் அடர்த்தியாக இருந்தன. டீச்சர் மரத்துப் பூவில் பாதிகூட இல்லை. பெண் மரமேதான்.

"நான் மண் சரியில்லை எண்டெல்லோ நினைச்சன்" என்றார் டீச்சர்.

அண்ணன் வேலியோரம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அண்ணி மல்லிகைப்பூவைக் கிள்ளி அந்த மரத்தின் கிளையில் வைத்தார். பிறகு அண்ணன் எழுந்து கிளைகளைப் பூமேல் பூ படும்படி தட்டி, மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு மரத்திலேயே கட்டித் தொங்கவிட்டார். மீதி வேலை தேனீயுடையது என்றார். பூ தீரும் வரை ஞாயிறு தவறாமல் பொந்தியான் போனார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பியது ஒரு ஜாம் போத்தல். உள்ளே ஏழு பச்சைக் காய்கள். அண்ணன் அதைப் பஸ்ஸில் கண்ணாடிக்கு மேலே கட்டி, எல்லாருக்கும் தரிசனம் காட்டினார். வீட்டில் அண்ணி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பொந்தியான்ல காய்ச்சது. நான் சொன்னது இந்த மரம்" என்று சொல்லிவிட்டாராம்.

பஸ் இரண்டாகப் பிரிந்தது. "பெத்தவ வீட்டுப் புள்ளதான், அண்ணி சொல்றது ஞாயம்" என்று ஒரு கட்சி. "அப்பன் இல்லாம எப்படிப் புள்ள?" என்று இன்னொரு கட்சி. காக் ரோஸ்னா பழைய பகையை மறந்து, "அப்பா இங்கதானே இருக்காரு? அப்பறம் என்ன?" என்று மலாயில் அண்ணனுக்காக வாதாடினாள். அண்ணி முன்னால் இந்த வாதத்தைச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

தீபாவளி முடிந்து அடுத்த வாரம், வியாழக்கிழமை. பஸ்ஸில் ஏறினேன். கண்ணாடிக்கு மேலே இலை இல்லை. அண்ணன் யாரிடமும் என்ன வாசனை என்று கேட்கவில்லை. முதல் தடவையாக டீசல் வாடை அடித்தது. அன்று முழுக்க என் லைனில் எனக்கு வேலை ஓடவில்லை.

சனிக்கிழமை, துக்கம் விசாரிப்பதுபோல் நானும் காக் ரோஸ்னாவும் அவர் வீட்டுக்குப் போனோம். பின்பக்கம் போனால் மரம் நிற்கிறது. அதைக் கட்டிப்பிடிக்காத குறையாக அண்ணனும் நிற்கிறார். கான்ட்ராக்டர் ஆணி அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கயிறு நேராக வந்து, மரத்துக்குப் பக்கத்தில் உள்பக்கமாக மடங்கி, சுற்றிக்கொண்டு போனது.

"இன்னும் வெட்டலையா?" என்றேன்.

கான்ட்ராக்டர் கையிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். சமையலறையின் ஒரு மூலை வெட்டுப்பட்டு, அங்கே ஒரு வட்டம் போட்டிருந்தது. "மரத்த ஏன் வெட்டணும்? அக்கா போன வருஷமே இப்படித்தான் வரையச் சொன்னாங்க."

அண்ணனுக்கே இது அப்போதுதான் தெரியும். அண்ணியைப் பார்த்தார். அண்ணி கான்ட்ராக்டரைப் பார்த்து, "உன்ன யாரு கேட்டா? ஆணிய ஒழுங்கா அடி" என்றார். பிறகு எங்களிடம், "ஜன்னலத் தொறந்தா கைக்கு எலை எட்ட வேணாமா? சோத்துல போட நான் கடைக்கா ஓடுவேன்?" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். வெயிலில் அந்தப் பெரிய முறம் இருந்தது. நடுவில் ஏழே ஏழு காய்கள். மைனா கொத்தாமல் இருக்க அதன்மேல் சாப்பாட்டு மூடி கவிழ்த்திருந்தது. அதை வைத்தவர் அண்ணன் இல்லை.

"அப்ப ஏன்ணே பஸ்ஸுல எலை இல்ல?" என்று கேட்டேன்.

"கடைசி வாரம்னு நெனச்சேன். பறிக்க மனசு வரல தங்கச்சி."

நான் இப்போது வேலையை விட்டுவிட்டுக் குளுவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். வாசலில் அண்ணன் கொடுத்த பதியன் கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. "பூக்குது, ஆனா காய்க்க மாட்டேங்குதே அத்தை, எடுத்துரலாமா?" என்று மருமகள் கேட்கிறாள். காய்க்காது என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும் என்றேன். தினமும் காலையில் ஓர் இலையைப் பறித்துக் கசக்கி மோந்து பார்க்கிறேன். கிராம்பு. பட்டை. சாதிக்காயை இப்போதெல்லாம் நான் விடுவதே இல்லை, அண்ணே.