ராணியைத் தேடி அடி அண்ணாமலை வரை

எனக்குப் பொறாமை உண்டு. பக்கத்து வீட்டில் கார் வாங்கினால் வராது. எனக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவர் எனக்கே அதிகாரியானபோதும் வரவில்லை (வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது). என் நாய் என்னைத் தாண்டி ஓடி இன்னொருவர் காலை நக்கும்போதுதான் வயிறு எரியும்.

அந்த இன்னொருவர் ஏழுமலை. செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநர். நாங்கள் மாடியில். நாயின் பெயர் ராணி. பழுப்பு நிறம், நாட்டு நாய்.

ராணிக்காக நான் ஒரு நோட்டே வைத்திருக்கிறேன். சித்திரையில் தரை சுடுமுன் நடை முடிக்க வேண்டும், ஐப்பசி மழையில் காதுமடலுக்குள் உண்ணி பார்க்க வேண்டும், தீபாவளியன்று முதல் வெடிக்கு முன் வெளியே போய்வந்துவிட வேண்டும் என்று மாதவாரியாகக் குறிப்புகள். தடுப்பூசி போட்ட நாள், கிழமை, அன்று மழை பெய்ததா என்பது வரை இருக்கும். நாய் வளர்ப்புப் புத்தகங்கள் நான்கை அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். ஏழுமலை என்ன செய்தார்? தினமும் டீயில் நனைத்த பாதி பொறை ரொட்டியைப் போட்டார். ராணி அவருடைய ஆட்டோவில் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டு வருடங்களுக்கு முன், கார்த்திகை தீபத்தன்று காலை. எங்கள் ஊரில் தீபாவளி வெடியெல்லாம் ஒத்திகைதான். மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் வீட்டுக்கு வீடு விளக்கு, தெருவுக்குத் தெரு வெடி, எல்லாம் ஒரே நிமிடத்தில். ஏழுமலை என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

“சார், ராணிய நம்ம ஆட்டோலயே உடுங்க. இன்னிக்கு வண்டி எடுக்க முடியாது, சும்மாதான் நிக்குது. தார்ப்பாய எறக்கிவுட்டா சத்தம் கம்மியா இருக்கும்.”

“வேணாங்க. நான் ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

“இன்னா ஏற்பாடு?”

“முறைப்படி.”

“போன வருசம் ஆட்டோல குறட்டை உட்டுச்சே சார், அது முறை இல்லியா?”

அதற்கு முந்தைய வருட தீபத்தன்று நான் கோயிலில் இருந்தேன். என் நாய் குறட்டை விடும் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத குறட்டை அவருக்குத் தெரிந்திருக்கிறது!

மாலையில் பின்அறை ஜன்னல்களில் கம்பளி மாட்டினேன். விளக்கை அணைத்தேன், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். நாய்க்குப் பிடித்தவர் உடுத்திய துணி பக்கத்தில் இருந்தால் பயம் குறையும் என்று படித்திருந்ததால் என் பழைய பனியனை விரித்தேன். ராணி முகர்ந்தது, தும்மியது, எதிர் மூலைக்குப் போய்விட்டது. மணி ஐந்து நாற்பது.

அப்போதுதான் அந்தக் கேவலமான யோசனை வந்தது. ஏழுமலை மொட்டைமாடியில் அகல் வரிசை வைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கி, ஆட்டோவில் தொங்கிய அவருடைய காக்கிச் சட்டையை எடுத்து வந்தேன். தரையில் விரித்தால் பெருமை சட்டைக்குப் போய்விடும். ஆகவே அதை நானே போட்டுக்கொண்டேன். பீடி, பெட்ரோல், பொறை மூன்றும் மணந்தன.

ஆறு மணிக்கு ஊரே அதிர்ந்தது. ராணி பாய்ந்து வந்து என் அக்குளில் தலையைப் புதைத்துக்கொண்டது. நடுங்கும் அந்த உடம்பைத் தடவியபடி, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கதவு திறந்தது. பொரி உருண்டைத் தட்டோடு என் மனைவி செல்வி இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏழுமலண்ணே, இங்க இன்னா பண்றீங்க? எங்க வீட்டுக்காரர பாத்தீங்களா?”

நான் பதில் யோசிப்பதற்குள் வாசலில் ஒரு சரவெடி. அவள் காலுக்கிடையில் புகுந்து ராணி படியிறங்கிவிட்டது.

பின்னால் ஓடினேன். படிக்கட்டுக்குக் கீழேயே ஆட்டோ, தார்ப்பாய் இறக்கியபடி நின்றது. ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பயந்த நேரத்தில் என் நாய் அங்கேதான் ஓடும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் மனம் வரவில்லை. நேரே சாலைக்கு ஓடினேன்.

சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். ஊரெல்லாம் “அரோகரா” என்று முழங்க, நான் மட்டும் “ராணி! ராணி!” என்றேன். ஒரு அம்மா இரக்கப்பட்டு நின்றார்.

“அழாதப்பா. புடவை இன்னா கலரு?”

“பழுப்புங்க. வாலு மேல சுருண்டிருக்கும்.”

அவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

கேட்டவர்களெல்லாம், “பழுப்பு நாயா? முன்னாடி போச்சுங்க” என்றார்கள். அன்றைக்கு அந்தப் பாதையில் மனிதனோ நாயோ, எல்லாமே முன்னாடிதான் போகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. நடுவில் மூன்று பேர் என் சட்டையைப் பார்த்து, “பஸ் ஸ்டாண்டு வருமா?” என்று கேட்டார்கள்.

மலைக்கு மறுபக்கம் இருக்கும் அடி அண்ணாமலை வந்தபோது கால் கொப்பளித்திருந்தது, செருப்பில்லை, போனில்லை. இத்தனை கால்களுக்கு நடுவே, இத்தனை வெடிக்கு நடுவே ஒரு நாய் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலையிடமே இருந்துவிட்டுப் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று முதல்முறையாக நினைத்தேன். ஒரு பழக்கடைக்காரர் போன் கொடுத்தார்.

“எங்க இருக்கீங்க?” என்றாள் செல்வி.

“அடி அண்ணாமலை.”

“அங்க இன்னாத்துக்கு?”

“ராணி...”

“ராணி கீழ ஆட்டோல தூங்கிக்கினு இருக்குது. ஏழுமலண்ணன் மாடியில இருந்து கத்துனாராம், நீங்க திரும்பியே பாக்கலியாம்.”

போன் கைமாறியது. “சார், திரும்பி வராதீங்க, கூட்டத்துல முடியாது. அப்படியே முன்னாடி நடங்க, சுத்தி வூட்டுக்கே வந்துடுவீங்க. புண்ணியமும் ஆச்சு.”

மீதியையும் நடந்தேன்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடினால், “அடி அண்ணாமலை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க” என்கிறாள் என் மகள். வரும் விருந்தாளிகளுக்கு முழுக் கதையையும் சொல்வது ஏழுமலைதான். என்னைவிட நன்றாகவே சொல்கிறார். அவர் தொடையில் தலை வைத்துப் படுத்திருக்கும் ராணி, எல்லோரும் சிரிக்கும் இடத்தில் வாலை ஆட்டுகிறது.

அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.