மதகு மாமாவும் மாட்டுங்கா ரோலரும்

ஓர் அணைக்கட்டின் உடல்நிலையைத் தம் உடல்நிலையாகவே பாவித்து வாழ்ந்த மனிதர், இந்தப் பம்பாய் மாகாணத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் மாட்டுங்காவில், எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மதகு மாமா.

வழியில் பார்த்து, "மாமா, சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், "வலது பக்கம் லேசாக் கசியறது, பயப்படும்படியா ஒண்ணும் இல்லே" என்பார். புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி இதைக் கேட்டுப் பதறிப்போய், தம் வீட்டுக் களிம்பு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். மாமா அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது களிமண்ணோட ஒட்டாது" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்ன வலது பக்கம், தாணாவுக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே போட்ட ஒரு மண்கரை, ஒரு மதகு, கரைக்குக் கீழே ஒரு மராத்திக் கிராமம். சர்க்காரின் சொத்துகளில் இதைவிடச் சிறிய அணை இருந்ததாகத் தெரியவில்லை. மராமத்து இலாகா மாமாவை அங்கே ஓவர்சீயராகப் போட்டது. பிறகு அவரையும் அணையையும் சேர்த்தே மறந்துவிட்டது என்பது கட்டடத்தில் நிலவிய கருத்து. ஆறு நாள் அங்கே இருப்பார். சனிக்கிழமை மாலை ரயிலில் வீட்டுக்கு வருவார். ஞாயிறு காலையில், உல்லாசப் பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

அந்தக் கூட்டத்தில் ஒருபோதும் சேராத ஒரே ஆள் அவருடைய மனைவி விசாலம் மாமி. "சக்களத்தி ஆத்துக்கு நான் எதுக்கு விருந்தாடிப் போகணும்?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். மாமியின் பிறந்தநாள் மாமாவுக்கு நினைவிருந்ததில்லை. கரையில் கடைசியாகச் செடி பிடுங்கிய நாள் நினைவிருந்தது.

மாமா செருப்புப் போட்டு நடந்ததை யாரும் பார்த்ததில்லை. விடியற்காலையில் வெறுங்காலோடு கரை முழுவதும் நடப்பார். எங்கே ஈரம் ஊறுகிறது என்று உள்ளங்கால் சொல்லிவிடும் என்பார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரோ இதை நம்பாமல் சிரித்ததாகவும் கேள்வி. அப்படிச் சிரித்தவர்கள் மாட்டுங்கா கல்யாணம் ஒன்றில் நம்ப வேண்டியதாயிற்று. பந்தியில் உட்கார்ந்திருந்த மாமா, பாதிச் சாப்பாட்டில் தரையைத் தொட்டுப் பார்த்து, "சுவருக்குப் பின்னாலேர்ந்து ஊறறது" என்று அறிவித்தார். சமையற்காரர் அடித்துப் பேசினார். போய்ப் பார்த்தால், அடுத்த அறையில் பாயச அண்டாவின் அடியில் ஓட்டை. பாயசம் பந்தியை நோக்கித் தானாகவே புறப்பட்டிருந்தது.

அணையில் தமக்கு மூன்று உத்தியோகம் என்று அவர் சொல்லிக்கொள்வார். கரையைக் காப்பது, பிராணிகளைக் காப்பது, பொழுதுபோக்க வருகிறவர்களைக் காப்பது. மூன்றில் ஒன்றை மற்றொன்றிடமிருந்து காப்பதுதான் நான்காவது, அதற்குச் சம்பளம் கிடையாது என்பார். கரையின்மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடக் கூடாது. பருக்கை சிந்தினால் எலி வரும். எலி வந்தால் வளை வரும். மதகுப் பக்கம் நீந்தக் கூடாது. தென்புறப் பாறையில் வெயில் காயும் கிழட்டு முதலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் கூடாது. "பெரியவர் படுத்திண்டிருக்கார், அந்தப் பக்கம் போகாதேங்கோ" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். பெரியவரும் அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டவர்போலவே நடந்துகொண்டார்.

யுத்தம் முடிந்த மறு வருஷத்துக் கோடையில், முதலைக்குக் காட்டிய மரியாதையை ஒரு முள்ளம்பன்றிக்குக் காட்ட முடியாத நிலைமை வந்தது. அது கரையின் வலது பக்கச் சரிவில் வளை தோண்டிவிட்டது. எலி வளை ஜலதோஷம் என்றால் முள்ளம்பன்றி வளை டைபாய்டு. மாமாவின் மேலதிகாரி வந்து பார்த்தார். பன்றியைச் சுட்டுவிடு, வளையை அடிவரை வெட்டியெடுத்து, புது மண் போட்டு, மழைக்கு முன் கெட்டிப்படுத்து, முடியாவிட்டால் மதகைத் திறந்து ஏரியைக் காலி செய்து, மழைக்காலம் முழுவதும் திறந்தே வை என்று உத்தரவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "திறந்துட்டா, வர்ற கோடையில கிராமத்துக்குத் தண்ணி இல்லே. திறக்காம உடைஞ்சுதுன்னா கிராமமே இல்லே, கேட்டேளா?" என்று என் அப்பாவிடம் சொன்னார்.

பன்றி விஷயத்தை அவர் துப்பாக்கி இல்லாமலே தீர்த்தார். ரேஷன் காலத்தில் விசாலம் மாமி எங்கிருந்தோ சம்பாதித்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை மூட்டை கட்டிக்கொண்டு போய், வளையிலிருந்து மலை உச்சிவரை வழிநெடுகப் புதைத்துவைத்தார். பன்றி விருந்துண்டபடியே மலையேறி, அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டது. "சக்களத்திக்குத்தான் செலவழிச்சார்னா, இப்போ அவ ஆத்து ஒட்டுண்ணிக்கும் சீராக்கும்" என்றார் மாமி.

கிராமத்தார் வளையை அடிவரை வெட்டியெடுத்தார்கள். கரைச் சரிவில் ஒரு கூடத்தின் அளவுக்குப் பள்ளம் உண்டாயிற்று. இனி நாலு விரல் கனத்துக்கு மண் போட்டு, நீர் தெளித்து, மிதித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் அடுத்த நாலு விரல் போட வேண்டும். மண்ணை அழுத்த இலாகா அனுப்புவதாகச் சொன்ன ரோலர் வரவில்லை. மாடுகள் சரிவில் இறங்க மறுத்தன. கிராமத்து ஆண்களும் பெண்களும் மண்ணும் தண்ணீரும் சுமக்கவே சரியாக இருந்தார்கள். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமா நேராகத் தம் வீட்டுக்குள் போய், மனைவிக்கு எதிரே நின்றார். விசாலம் மாமி எங்கள் கட்டடத்துக் கும்மிக் கோஷ்டியின் தலைவி. நவராத்திரியில் அவர் அடியெடுத்து வைத்தால் கீழ்வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் இடம் மாறும்.

"விசாலம், நாளைக்குக் கோஷ்டியை அழைச்சிண்டு வரணும். கும்மிக்கு நல்ல இடமாப் பார்த்து வெச்சிருக்கேன்."

இத்தனை வருஷத்தில் கணவர் தம் கும்மியைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. மறுநாள் மாமி பட்டுப்புடவையில் புறப்பட்டார். அம்மாவோடு நானும் போனேன்.

பார்த்து வைத்த இடம் ஒரு பள்ளம் என்பதைக் கண்டதும் கோஷ்டி தயங்கியது. "வெளியில காத்து அடிக்கறது, பாட்டு கலைஞ்சுபோகும்" என்றார் மாமா. எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. ஆகவே விளிம்பில் நிற்கவைத்து, குதிகால் பதியாதவர்களைக் கவனித்துச் சொல்லும் வேலையைக் கொடுத்தார். ஆனால் நான் மேலிருந்து பார்த்தபோது கொண்டைகளும் கொண்டைப் பூவும் மட்டுமே தெரிந்தன.

முதல் பாட்டு தொடங்கியது. மாமாவுக்குத் திருப்தி இல்லை.

"குதிகாலை அழுத்தி வைக்கணும்" என்றார்.

"கும்மின்னா ஒரு நளினம் வேணும், உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் மாமி.

"நளினம் இடுப்புக்கு மேலே இருக்கட்டும் விசாலம். கீழே குதிகால்."

பாட்டு முடிந்ததும் கிராமத்தார் கூடை கூடையாக மண் கொட்டித் தண்ணீர் தெளித்தார்கள். இரண்டாம் பாட்டு முடிந்ததும் மறுபடி மண். மூன்றாவது முறை மண் விழுந்தபோது, சேறு படிந்த பட்டுக் கரையைக் கையில் பிடித்தபடி மாமி நின்றுவிட்டார்.

"ஏன்னா, இது கும்மியா, கூலி வேலையா?"

மாமா பள்ளத்துக்குள் இறங்கினார். விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாதவர். மனைவியைக் கைபிடித்து வெளியே ஏற்றி, கீழே காட்டினார். ஓட்டு வீடுகள். ஒரு முற்றத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"மழை வந்தா, அவாளுக்கும் தண்ணிக்கும் நடுவுல இந்த மண்ணுதான் இருக்கும். இதை மிதிச்சுக் கெட்டியாக்க உன்னை விட்டா நேக்கு வேற ஆள் தெரியலே."

மாமி அந்த முற்றத்தைப் பார்த்தார். தலை வாரி முடியும்வரை பார்த்தார். பிறகு மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, "இதை ஆத்துலயே சொல்லியிருந்தா நல்ல புடவையைக் கட்டிண்டு வந்திருக்க மாட்டேனே" என்றபடி பள்ளத்தில் இறங்கினார். "பாட்டை மாத்துங்கோடி. இழுத்து இழுத்துப் பாடற பாட்டு வேண்டாம்."

அதன்பின் நான் கண்டது கும்மி அல்ல, படையெடுப்பு. மஞ்சள் நீராட்டுப் பாட்டு, சம்பந்திக் கேலிப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு என்று கையிருப்பில் இருந்தவை எல்லாம் மண்ணுக்குள் போயின. கூடையை இறக்கிய கிராமத்துப் பெண்களும் மூச்சு வாங்கும் நேரத்தில் கைகோத்துக்கொண்டார்கள். அர்த்தம் தெரியாமலே அவர்களும் எங்கள் சம்பந்திகளைத் திட்டினார்கள். மத்தியானத்துக்குள் எனக்கு எல்லோருடைய தோளும் தெரிந்தது. பிறகு இடுப்பு. வெயில் சாயும்போது விசாலம் மாமி முழுவதுமாகக் கரைமேல் நின்றுகொண்டிருந்தார். மாமா இரும்புக் கம்பியை ஓங்கிக் குத்தினார். கம்பி இறங்கவில்லை.

அந்த வாரமே மேலதிகாரி வந்து அதே இடத்தில் குத்திப் பார்த்து, எந்த ரோலர் என்று விசாரித்தாராம். "மாட்டுங்கா ரோலர், சார்" என்று மாமா சொன்னதும், அப்படி ஒரு கம்பெனி இருப்பதாக நம்பித் தலையசைத்துவிட்டுப் போனாராம். மதகு மூடியே இருந்தது.

பிறகு மழை பிடித்தது. தண்டவாளங்கள் முழுகின. இரண்டு சனிக்கிழமைகள் மாமா வரவில்லை. மழை வலுக்கும்போதெல்லாம் கட்டடத்துப் பெண்கள் சன்னலருகே வந்து நின்றார்கள். மாடியில் விசாலம் மாமி கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டேயிருப்பது எங்களுக்குக் கேட்டது. கீழ்வீட்டுப் பாத்திரங்கள் இடம் மாறின. யாரும் புகார் சொல்லவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, சொட்டச் சொட்ட நனைந்து, வெறுங்காலோடு மாமா வாசலில் நின்றார். படிக்கட்டெல்லாம் ஆட்கள். மாமிதான் கேட்டார்.

"சக்களத்தி சௌக்கியமா?"

"வலது பக்கம் உலர்ந்திருக்கு" என்றார் மாமா.

மாமி உள்ளே போய், விளக்கெண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். மாமாவின் பாதங்கள் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டன. ஊறிப்போய், பாளம் பாளமாக வெடித்திருந்தன. அவர் பழக்கப்படி கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது கரைக்கு இல்லே, காலுக்கு" என்றார் மாமி.

நான் பாடமாகப் படிக்கும் இலக்கியங்களில் கரை உடைத்துப் பாயும் வெள்ளத்துக்குக் குறைவில்லை. உடையாமல் நின்ற கரையை யாரும் பாடியதாக நினைவில்லை. அதனாலோ என்னவோ, மழை வலுக்கும் நாட்களில் நான் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தச் சம்பந்திப் பாட்டை மெல்ல முணுமுணுக்கிறேன். குதிகாலும் தானாகவே பதிகிறது.