இரண்டு வெடி, ஒரு வெடி, மூன்று வெடி

சகல பாக்கியமும் பெற்ற என் தேச்சம்மாவுக்கு, உன் மாச்சையா தோட்டத்து வீட்டிலிருந்து எழுதுவது. இக்குத்தப்பா அருளால் இங்கே நானும் பசுவும் நலம். புனாவில் நீயும் மகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசலாம்தான். "சாப்டீங்களா?" என்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி அழுகிறாள், வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம்.

கைல்போள்துப் பண்டிகைக்கு நீ வந்தே ஆகவேண்டும் என்றில்லை. பேத்திக்குப் பல் முளைக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், மெல்ல வந்தால் போதும். பண்டிகைப் போட்டியில் மர உச்சியில் கட்டும் தேங்காயை வருஷா வருஷம் சுட்டு விழவைப்பவள் நீ. இந்த வருஷம் அந்த இடத்தில் நான் நிற்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

நிதானமாகக் குறி பார்த்தால் எனக்கும் படும். ஆனால் இம்முறை இரண்டு தேங்காய் கட்டுவார்களாம், ஒன்று விழுந்த கையோடு மற்றதும் விழவேண்டுமாம். அதனால் ஞாயிறு காலை பலாமரத்தில் இரண்டைத் தொங்கவிட்டு, நீ சொல்லுகிறபடி மூச்சைப் பிடித்து, டுமீல் டுமீல் என்று அடுத்தடுத்துச் சுட்டேன். தேங்காய்கள் அசையவில்லை, மாட்டுக் கொட்டகை ஓடுதான் போயிற்று. வேகத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில், அடுத்தடுத்து இரண்டு வெடி கேட்டால் அந்த வீட்டில் சாவு என்று நம் குடகில் அர்த்தம் என்பது மறந்தே போயிற்று. ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி முடிப்பதற்குள் பக்கத்துத் தோட்டத்து பெள்ளியப்பா வெள்ளை உடுத்திக்கொண்டு ஓடிவருகிறான், பின்னால் அவன் மனைவி பொன்னவ்வா, அவள் பின்னால் பாதி ஊர். வீட்டில் இருப்பது நான் ஒருவன், ஆகவே செத்தது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்!

"தேச்சம்மா ஊருக்குப் போன அன்னிக்கே பாதி உயிர் போச்சு, மீதி இன்னிக்குப் போச்சே!" என்று அழுதுகொண்டே வந்த பொன்னவ்வா என்மேலேயே முட்டிக்கொண்டாள்.

"எங்க போச்சு? இதோ நிக்கிறேனே!"

"ஏண்டா, உயிரோட இருந்துக்கிட்டா எங்களை இப்படி ஓடவிட்ட?" என்றான் பெள்ளியப்பா.

"நான் செத்திருந்தா வெடி யாருடா போட்டிருப்பா? வர்ற வழியில அதை யோசிக்கக் கூடாதா?"

"அழுது தொண்டை வத்திப்போச்சு. காப்பியாவது குடுங்க அண்ணா," என்றாள் பொன்னவ்வா. தோட்டம் நிறையக் காப்பிச் செடி. தூளை மட்டும் நீ எங்கே வைத்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் வெந்நீர் கொடுத்தனுப்பினேன்.

"இனிமே ஒத்தை வெடிக்கு மேல கேட்டுச்சு, நானே வந்து உன்னைச் சுட்டுருவேன்," என்று போனான் பெள்ளியப்பா. மறுநாள் ஒற்றை வெடிதான் போட்டேன். அதே கூட்டம் சிரித்த முகத்தோடு திரும்ப வந்தது. ஒரு வெடி என்றால் ஆண் குழந்தை பிறந்த சேதி அல்லவா? பொன்னவ்வா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏன் அண்ணா, தேச்சம்மாவுக்கு இது தெரியுமா?" என்றாள். உன் காதுக்கு அவள் வழியாக வருவதற்கு முன் என் வழியாக வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மூன்று வெடி போட்டேன். மூன்று வெடிக்கு நம் ஊரில் ஒரு அர்த்தமும் கிடையாது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்று வீடு கிடந்த கிடப்பில் எனக்கு உன்னை மிகவும் தேடிற்று, தேச்சம்மா.

அதற்காக நீ அவசரப்பட வேண்டாம். மகளுக்கு என் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்கு விசாரிப்பு, பேத்திக்குத் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
மாச்சையா

பி.கு.: போட்டிக்கு நான் என் பெயரைக் கொடுக்கவில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே உச்சியில் இருக்கும் தேங்காய் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. தினமும் நான் எடுத்தது உன் துப்பாக்கியைத்தான். அதைத் தோளில் வைத்தால் நீ பக்கத்தில் நின்று திட்டுவதுபோல் இருக்கிறது. கமிட்டியில் உன் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று. பண்டிகைக்கு முதல் நாள் காலையிலிருந்தே பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன்.