பாக்கி இல்லை என்று ஒரு சான்று

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இதில் வரும் தம்பதிக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஓவிய ஆசிரியர் சொன்னது. வண்ணம் கூட்டிப் பழகிய மனிதர், பேச்சில் மட்டும் சும்மா இருப்பாரா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் அவர் சொன்னபடியே தருகிறேன்.

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாருக்கும், அவர் மனைவி அறிவியல் டீச்சருக்கும் ஒரே நாளில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. ஊருக்குப் போனால் மாமனார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் வேலை தயார். அங்கே போக வாத்தியாருக்கு மனமே இல்லை. மாமனார்தான் அங்கே தலைமை ஆசிரியர். சாப்பாட்டு மேஜையிலேயே மாப்பிள்ளையை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்பவர்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. வருமான வரிக் கணக்கை முடித்து, பாக்கி இல்லை என்று சான்று வாங்காமல் வெளிநாட்டு ஆசிரியர்கள் விமானம் ஏற முடியாது என்று வாத்தியார் கேள்விப்பட்டிருந்தார். இங்கே பள்ளி திறக்கும்வரை இழுத்தடித்தால் போதும். கணக்குக்கு ஆள் கிடைக்காமல் பள்ளிக்காரர்களே ஒப்பந்தத்தை நீட்டித்துவிடுவார்கள். இந்த ஜென்மத்தில் அந்தச் சான்றை வாங்குவதில்லை என்று வாத்தியார் வீர சபதம் எடுத்தார். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.

டீச்சரின் சான்று போன வேகத்தில் வந்தது. வாத்தியாரின் விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

“என்னங்க, எதுக்குத் திருப்பி அனுப்பினாங்க?”

“கூட்டல்ல தப்பாம்.”

“நீங்க எடுக்கறதே கணக்குப் பாடம்தானே?”

“அது பசங்க கணக்கு. இது அரசாங்கக் கணக்கு.”

அடுத்த முறை, பிறந்த தேதி எழுத வேண்டிய இடத்தில் கல்யாணத் தேதி.

“அன்னைக்குத்தான் புதுசாப் பொறந்தேன்னு நெனச்சு எழுதிட்டேன்.”

“என்கிட்ட வழியறதுக்கு வரி ஆபீஸ் எதுக்கு?”

அதற்கடுத்த முறை கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது. டீச்சர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். ஜன்னல் திரையை விலக்கினார், மூடினார். கடைசியில் பால்கனிக்கு வந்து ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டார்.

“சார், அவ திட்டவே மாட்டேங்கறா.”

“குடுத்து வச்சவர் சார் நீங்க. எங்க வீட்ல அந்த வசதி கெடையாது.”

“உங்களுக்குப் புரியல. திட்டினா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். திட்டலேன்னா இனிமேதான் ஆரம்பம்.”

ஆரம்பம் மறுநாளே வந்தது. டீச்சர் இரண்டு விமான டிக்கெட்டுகளை மேஜையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கெழம கெளம்பறோம்.”

“என் சான்று?”

“அது மெதுவா வரட்டும். இங்கயே இருக்கற ஒருத்தரை வரிப் பிரதிநிதியாப் போட்டுட்டா நாம போகலாமாம். மிச்சத்தை அவர் முடிச்சு அனுப்புவாராம். ஆபீஸ்ல நேர்லயே கேட்டுட்டு வந்தேன்.”

“யார் அந்தப் புண்ணியவான்?”

வாசலில் ஓவிய ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“சார், நீங்களா?”

“எங்க வீட்டம்மாகிட்ட பேசி முடிச்சிட்டாங்க சார். என்கிட்ட கையெழுத்து மட்டும்தான் கேட்டாங்க.”

டீச்சர் தாளை நீட்டினாள். “நீங்களும் போடுங்க. கட்டம் கண்ணுக்குத் தெரியலேன்னு சொல்லக்கூடாதுன்னு, சார் பென்சில்ல அம்புக்குறி போட்டுக் குடுத்திருக்காரு.”

அழகான அம்புக்குறி. நிழல்கூடத் தீட்டியிருந்தார். வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனவரும் ஓவிய ஆசிரியர்தான். உள்ளே போவதற்கு முன் வாத்தியார் சட்டென்று நின்றுவிட்டார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். என்ன ஆனாலும் உங்கப்பாவுக்குக் கீழ நான் வேலை பார்க்க மாட்டேன்.”

“சரிங்க,” என்றாள் டீச்சர்.

அவ்வளவு சுலபமாக அவள் அதுவரை எதற்கும் சரி சொன்னதில்லையாம். வாத்தியார் உள்ளே போகிறவரைக்கும் திரும்பித் திரும்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாராம்.

ஓவிய ஆசிரியருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கு மனசு கேட்காமல் மாமனாரின் பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். வாத்தியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். அவர்கள் வந்து இறங்கிய வாரமே மாமனார் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது தலைமை ஆசிரியர், டீச்சர்.