வலது பின்சக்கரத்தின் பரிசோதனை முடிவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் எங்கள் வயதுக்கு நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பாக்கி இருப்பது எங்கள் வீட்டில் நீங்கள் விட்டுப் போன காரின் சுகம். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று போனை மகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். தவிர, பரிசோதனை முடிவு என்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டிய விஷயம்.

வண்டியை விட்டுப் போகும்போது, "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மாமா, வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணாப் போதும்" என்றீர்கள். 'ஒண்ணும் பண்ண வேணாம்' என்பதை இரண்டு தடவை சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்யப் போனேன், பார்த்தால் வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம், கீழே தரையில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு திட்டு. அடுத்த சனிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் இதே வண்டியில் மலை ஏறி இறங்கப் போகிறீர்கள், பேத்தி பின்சீட்டில், சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் உட்காருவேன் என்று அடம் பிடிப்பாள்.

உடனே தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், குந்தினார், விரலால் தொட்டார், மோந்து பார்த்தார், பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "பிரேக் ஆயில் சார். உள்ள வீல் சிலிண்டர் போயிருச்சு. இன்னிக்கே மாத்திடலாம்" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை, ரத்தப் பரிசோதனை லேபில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். தொட்டுப் பார்த்து முடிவு சொல்கிறவரை நாங்கள் வாசற்படி ஏறவே விடமாட்டோம். "சாம்பிள் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். "சாம்பிள் எதுக்கு சார்? சந்தேகமா இருந்தா பானெட்டத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவப் பாருங்க, குறைஞ்சிருக்கும்" என்றார். "ஒழுகுறது பின்னாடி, பாக்குறது முன்னாடியா? நல்ல கதையா இருக்கே!" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது, "வண்டிய மட்டும் எடுத்துராதீங்க சார்" என்றார். தொழில் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை, வண்டி வெறும் வயிற்றில் இருக்கும்போது முதல் சாம்பிள் எடுத்தேன். பிறகு கேனில் வாங்கி வந்த பெட்ரோலை ஊற்றி, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த சாம்பிள். முதலாவது நிறம் பார்க்கவும் மோந்து பார்க்கவுமே தீர்ந்துவிட்டது. இரண்டாவதை பாட்டிலில் அடைத்து, தேதி, நேரம், 'வ.பி.ச.' என்று சீட்டு ஒட்டி ஃபிரிட்ஜில் வைக்கப் போனால், "பால் பக்கத்துல இதையா வெப்பீங்க?" என்று உங்கள் அத்தை ஒரே சத்தம். அதனால் அவருடைய தையல் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். பேத்திக்கு கவுன் தைத்துக்கொண்டிருக்கிறார். பாவம், நேற்றிலிருந்து அந்த மெஷினின் பச்சை பெயின்ட் பாளம் பாளமாக உரிகிறது. நமக்கு ஆகிற வயது அதற்கும் ஆகுமில்லையா என்று ஆறுதல் சொன்னேன். அவர் மெஷினை உறை போட்டு மூடிவிட்டு எழுந்து போனார்.

இன்று வியாழக்கிழமை, பரிசோதனை நாள். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கலந்துவிடும், மற்ற எண்ணெய் மிதக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் சாம்பிளை ஒரு சொட்டு விட்டேன். ராஜா மாதிரி மிதந்தது! டம்ளரை மாற்றி மாற்றி மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் மிதந்தது. பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடுமாம், பழைய டப்பா மூடியில் தடவிப் பார்த்தேன், பெயின்ட் அசையவில்லை. வாசனையோ அப்படியே தையல் மெஷின் எண்ணெய்! விஷயம் விளங்கிவிட்டது. அத்தை வாசல் கேட்டின் கீலுக்குத் தன் எண்ணெயை விட்டிருக்கிறார், அது வழிந்து உங்கள் சக்கரத்தில் ஒட்டியிருக்கிறது. "அப்படித்தானே?" என்று கேட்டேன். "இருக்கலாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே முடிவு: வண்டி பூரண நலம். என் கைக்கு வந்த சாம்பிள் ஒன்றுகூட முப்பத்திரண்டு வருடத்தில் மாறியதில்லை. தைரியமாக மலை ஏறுங்கள். பேத்தி ஏறுகிற வண்டி என்பதால்தான் இவ்வளவும் செய்தேன், வேறு பெருமைக்காக இல்லை. இந்தக் கடிதத்தையே உங்கள் வண்டியில் சரிவுக்குக் கீழே இருக்கும் தபால் பெட்டி வரை ஓட்டிப் போய்ப் போடுகிறேன். அத்தையையும் வற்புறுத்தி உடன் அழைத்துப் போகிறேன்.

மகளுக்கு என் அன்பு, பேத்திக்கு நூறு முத்தம். எந்தக் கசிவும் இல்லாமல் எல்லோரும் நீண்ட நாள் வாழ ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தைத் தபால் பெட்டியில் போட முடியவில்லை. பெட்டி இப்போது வண்டிக்கு அடியில் இருக்கிறது. சரிவில் பிரேக்கை மிதித்தேன், அது தரைவரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. நான் ஹேண்ட் பிரேக்கைத் தேடுவதற்குள் அத்தை அலறினார்: "என்னங்க, அந்த பாட்டில்ல இருந்தத என் எண்ணெய்னு நெனச்சு மெஷினுக்கு விட்டுட்டேங்க! நீங்க திட்டுவீங்கன்னு என் எண்ணெயையே அதுல ஊத்தி வெச்சிட்டேங்க!" இதைச் சொல்ல அவருக்கு நேற்று முழுவதும் நேரம் இருந்தது. எங்கள் இருவருக்கும் அடி இல்லை, தெருவிலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன், காலியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. சனிக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போங்கள்.

மெக்கானிக் ஓடி வந்து, பானெட்டைத் திறந்து காலி டப்பாவைக் காட்டினார். நான் பின்னால் போய்க் குந்தினேன், விரலால் தொட்டேன், மோந்து பார்த்தேன், பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். பிரேக் ஆயில்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.