எலி மூளையும் அத்திம்பேரின் தலைவலியும்

மறைத்துச் செய்த காரியம் எதுவும் என் வாழ்நாளில் உருப்பட்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூர் வீட்டுக்குள் ஓர் எலியின் மூளையைக் கொண்டுவந்ததும் அப்படித்தான்.

அப்போது ஒரு கல்லூரிப் பரிசோதனைச்சாலையில் எனக்குத் தற்காலிக உத்தியோகம். செத்த சுண்டெலியின் ரத்தக் குழாய்களில் சிவப்புச் சாயம் கலந்த ஜெலட்டினை ஏற்றி, மூளையை எடுத்து, கடைசியில் விண்டர்கிரீன் எண்ணெயில் ஊறப்போட வேண்டும். (தலைவலித் தைலத்தில் மணக்குமே, அதேதான்.) மூளை கண்ணாடி போலாகி, குழாய்கள் மட்டும் சிவப்பு வலையாகத் தெரியும். தண்ணீர் சேர்ந்தால் எல்லாம் மறுபடி வெளுத்துவிடும். மேற்பரப்பில் அவை நம் மாட வீதிகள் மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ஒன்று அடைபட்டால் இன்னொன்றின் வழியாகச் சுற்றி வரலாம். பதினோரு எலிகளைப் பாழாக்கியபின் பன்னிரண்டாவது வாய்த்தது.

"திங்கட்கிழமை வெளியூர் டாக்டர்களுக்கு இதைக் காட்டு. உன் வேலையை நிரந்தரமாக்கிடலாம்" என்றார் புரொபசர்.

மொட்டை மாடி வெளிச்சத்தில் படம் வரையலாமென்று பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்தேன். லேபிள் ஒட்டவில்லை. (ஒட்டியிருந்தால் அம்மா என்னையும் சேர்த்துத் தெருவில் வைத்திருப்பாள்.) வரைந்து முடித்ததும் துணி சுற்றி அலமாரியில் ஒளித்தேன். மறுநாள் அப்படியே எடுத்துக்கொண்டு டிராம் ஏறினேன்.

டாக்டர்கள் முன்னால் துணியைப் பிரித்தால், உள்ளே பால் போல வெள்ளை நீர். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி.

"என்னய்யா இது, தயிர் வடையா?" என்றார் புரொபசர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் விசாரித்தேன். விருந்துக்கு வந்திருந்த அக்கா புருஷர் மலர்ந்த முகத்தோடு ஒப்புக்கொண்டார்.

"நேத்து ராத்திரி தலைவலி தாங்கலை. அலமாரியில மணத்தது. பேஷான தைலம்டா! உள்ள ஜாதிக்காய் வேற ஊறிண்டிருந்தது. நெத்தி, கழுத்து, முழங்கால் எல்லாம் தடவிண்டேன். கொறஞ்சது தெரியப்படாதேன்னு ஜலம் விட்டுக் குலுக்கி வெச்சேன்."

"அத்திம்பேர், அது ஜாதிக்காய் இல்லை. எலி மூளை."

மனுஷர் நேரே கிணற்றடிக்குப் போனார். இருபது வாளியாவது இறைத்திருப்பார். ஈரத் துண்டோடு வந்து, "அதான் ராத்திரி பூராக் கனவுல பூனை தொரத்தித்து" என்றார்.

மறுநாள் புரொபசரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார்.

"தலைவலி நின்னுதா?"

"நின்னுடுத்து, சார்."

"அதுவாவது நடந்ததே! ஒரு மாசம் தரேன், புதுசாப் பண்ணு. இனிமே பாட்டில் வாசலைத் தாண்டப்படாது."

புது மூளை வாய்த்தது, வேலையும் நிரந்தரமானது. ஆனால் இன்றைக்கும் அத்திம்பேர் எங்காவது குடையை மறந்துவிட்டு வந்தால், "எலி மூளையைத் தடவிண்டும் ஞாபகசக்தி இவ்வளவுதான்" என்பாள் அக்கா. உடனே அவர் என்னைத்தான் முறைப்பார். குடை கிடைக்கும்வரை நான் மொட்டை மாடியை விட்டு இறங்குவதில்லை.