வீரராகவனைத் தேடினால் இல்லை என்கிறது

திருவள்ளூர்

சிரஞ்சீவி வெங்கட்ரமணனுக்கு மாமா ஸம்பத்குமாரின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் உன் மாமி அரவிந்தவல்லியும் சௌக்கியம். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இன்னும் நைட் ஷிஃப்ட்தானா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? க்ஷேமம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வைதீகம் பண்ணிவைக்கிற குடும்பங்களின் கோத்திரம், திதி, மூன்று தலைமுறைப் பெயர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னவன் நீ. முதலில் ஒரு ஆப் போட்டுக்கொடுத்தாய், குறிப்பெல்லாம் நெட்டில் இருக்கும், எங்கிருந்தும் பார்க்கலாம் என்றாய். புதுவாயலில் ஒரு சிராத்தத்தில் கொள்ளுத்தாத்தா பெயருக்காக அதைத் திறந்தேன், வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சிராத்தம் பண்ணுகிற கர்த்தா தர்ப்பைப் பவித்திரம் போட்ட விரலோடு என்னையே பார்க்கிறார், காம்பவுண்டுச் சுவரில் காக்காய் வந்து உட்கார்ந்துவிட்டது, வட்டம் மட்டும் நிற்கவில்லை. இரண்டாவதாக நீ போட்டது குடும்பத்துக்குக் குடும்பம் கோடு இழுத்துக் காட்டியது, யாருக்கு யார் சம்பந்தி என்று உன் மாமி பார்க்க உட்கார்ந்ததில் ஒரு வாரம் எங்காத்தில் சமையல் லேட்.

அப்புறம்தான் கண்டிப்பாகச் சொன்னேன், ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபைல், அது என் கம்ப்யூட்டரிலேயே என் ஃபோல்டரிலேயே இருக்கணும், நெட் இல்லாவிட்டாலும் திறக்கணும், தேடினால் உடனே வரணும். மூன்றாவதாக நீ கொடுத்தது அப்படியே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மாமி அந்தக் காலத்திலேயே தமிழ் டைப்பிங் பாஸ் பண்ணினவள். ஆடி மாசம் பூரா மத்தியானத் தூக்கத்தை விட்டு அத்தனையும் அடித்து ஏற்றினாள். குறிப்பெழுதிய பழைய நோட்டுகளை எடைக்குப் பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டவன் நான்.

போன வாரம் திருநின்றவூர் வீரராகவன் போன் பண்ணினார். "ஸ்வாமி, அப்பா திதி என்னிக்கு வரது? ஆபீஸ்ல லீவு சொல்லணும்." இதோ என்று பெயரைத் தட்டினேன். இல்லை என்றது. கண் மூடித் திறக்கிறதுக்குள்ளே இல்லை என்றது. நம்ம ஊர்ப் பெருமாள் வீரராகவர், என் அப்பா வீரராகவன், இங்கே தடுக்கி விழுந்தா ஒரு வீரராகவன் மேலதான் விழணும், ஒருத்தர்கூட இல்லையாம். நோட்டும் போச்சு. ஒருத்தரோட தகப்பனார் திதி என்னால தவறிப்போனா அப்புறம் நான் என்னடா வாத்தியார்? உன்னையும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன், மனசுல வச்சுக்காதே.

கடைசியில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன். "நம்மாத்துப் பெரியவர் பெயர், திருநின்றவூர்" என்று ஒரு ஃபைல் வந்தது. சந்தேகப்பட்டு ஃபோல்டரைத் திறந்தால், "நம்மாத்துப் பெரியவர் பெயர், தேரடி", "நம்மாத்துப் பெரியவர் பெயர், கண் டாக்டர்". ஸம்பத் என்று பெயர் உள்ளவாளெல்லாம் "இவர் பெயர்".

"ஏண்டி இப்படி அடிச்சே?" என்றேன்.

"ஏன்னா, மாமனார் பேரை நான் எப்படி அடிப்பேன்? வாயால சொன்னாத் தப்பு, விரலால சொன்னாத் தப்பில்லையா?" என்கிறாள். இதுக்கு எந்த சாஃப்ட்வேர்ல பதில் இருக்கு, நீயே சொல்லு.

நல்லவேளை, திதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, குறைவில்லாமல் நடந்தது. ஆனால் இன்னொரு தடவை இந்தப் பயம் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து அத்தனையையும் ஒரே தட்டில் வீரராகவன் என்று மாற்றிக்கொடு. மாமி கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வா.

நீ தீர்க்காயுசோடு, பகல் ஷிஃப்டோடு, சீக்கிரமே கல்யாணக் கோலத்தோடு இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்ளும்,

உன் மாமா
ஸம்பத்குமார்

பி.கு.: இந்தக் கவரை ஒட்டுவதற்குள் தேரடி வீரராகவன் போனில் வந்துவிட்டார். அவசரத்துக்கு "நம்மாத்துப் பெரியவர்" என்று நானே அடித்தேன். திரை முழுக்க வரிசையாக வந்து நின்றது. அவருக்குப் பதில் சொல்லி போனை வைத்த பிறகும் அதை மூட மனசு வரவில்லை. நீ எதையும் மாற்றவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வா. அப்பா போனதிலிருந்து, அவரைத் தேடி இவ்வளவு சீக்கிரம் எனக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை.